ஓய்வு நாளில் கேட்ட வர்ணனை

போன மாதம் எண்ணூரில் நடந்த உங்கள் சேஃப்டி ஆபீசர் பயிற்சி வகுப்புக்கு என்னை அழைத்திருந்தீர்கள். பாதியில் எழுந்து போனேன், திரும்பி வரவில்லை. எனக்கு உடம்பு சரியில்லை என்று உங்களிடம் சொன்னார்களாம். உடம்புக்கு ஒன்றுமில்லை. கோபம் வந்தது, போனேன்.

திரையில் விபத்து அறிக்கைப் படிவத்தைக் காட்டிக்கொண்டிருந்தார்கள். 'விபத்துக்கான காரணம்' என்ற கட்டத்தைத் தொட்டால் ஒரு பட்டியல் இறங்குகிறது. அதில் முதலாவது 'தொழிலாளியின் கவனக்குறைவு'. வகுப்பெடுத்தவர் அதை ஒரு தட்டுத் தட்டினார். கட்டம் பச்சை நிறமானது. "பாத்தீங்களா, முடிஞ்சிடுச்சு, எவ்ளோ ஈஸி" என்றார். உங்களில் சிலர் சிரித்தீர்கள். உங்களைக் குறை சொல்லவில்லை. எளிதாக முடிந்தால் யாருக்கும் சிரிப்பு வரும். ஆனால் அந்த எளிமை ஒரு மனிதரை என்ன செய்தது என்று எனக்குத் தெரியும். அவர் என் அப்பா. நாங்கள் வீட்டில் நைனா என்று கூப்பிடுவோம். அங்கே எழுந்து நின்று பேசியிருந்தால் கத்தியிருப்பேன். அதனால் எழுதுகிறேன்.

நைனாவின் பெயர் கன்னியப்பன். ஊர் அரக்கோணம். அங்கே ஒரு பட்டறையில் வெல்டிங் கற்றுக்கொண்டு, கல்யாணத்துக்குப் பிறகு திருவொற்றியூருக்கு வந்து, பெரிய இரும்புத் தொட்டிகள் செய்யும் ஒரு ஒர்க்‌ஷாப்பில் சேர்ந்தார். வெல்டர் என்றால் அவர் கை வேலை கம்பெனி முழுவதும் தெரியும். பற்ற வைத்த தழும்பு மீன் செதில் அடுக்கியதுபோல ஒரே சீராக இருக்கும். ஆனால் தெருவில் அவரை வெல்டர் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். 'ரெஃப்ரி' என்பார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் ரயில் பாதையை ஒட்டிய மைதானத்தில் நடக்கும் வாலிபால் போட்டிகளுக்கு அவர்தான் நடுவர். அரக்கோணத்தில் இருந்தபோது ஆடினார். இங்கே வந்தபின் விசில் ஊதினார்.

விளையாட்டு என்றால் அவருக்கு எதுவும் வேண்டும். வியாசர்பாடியில் கால்பந்து, ராயபுரத்தில் குத்துச்சண்டை, எந்தத் தெரு முனையிலாவது கேரம் போர்டு போட்டிருந்தால் அது. சைக்கிளை ஸ்டாண்டு போடாமல் பிடித்தபடியே ஒரு மணி நேரம் நின்று பார்ப்பார். வீட்டில் ஒரு டிரான்சிஸ்டர் இருந்தது. கிரிக்கெட் வர்ணனை தமிழில் வந்தால் தமிழில் கேட்பார். ஹாக்கி இந்தியில் வரும். ஒரு சொல் புரியாது. குரல் ஏறுவதையும் இறங்குவதையும் வைத்தே, "நம்மாளுங்க கோல் போட்டுட்டாங்க பாப்பா" என்பார். பெரும்பாலும் சரியாக இருக்கும்.

மைதானத்தில் ஸ்கோர் எழுதும் வேலை எனக்கு. ஒரு இறுதி ஆட்டத்தில் நடந்ததைச் சொல்கிறேன், அவர் எப்படிப்பட்டவர் என்று தெரியட்டும். கடைசிப் புள்ளி. பந்து பின்கோட்டின் அருகே விழுந்தது. நைனா 'அவுட்' என்று ஊதிவிட்டார். ஒரு பக்கத்து ஆட்கள் மைதானத்துக்குள் ஓடி வந்து குதிக்கத் தொடங்கிவிட்டார்கள். நைனா நடுவர் நிற்கும் உயரமான ஸ்டாண்டிலிருந்து இறங்கினார். பந்தைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஓரிடத்தில் கோட்டுச் சுண்ணாம்பு ஒட்டியிருந்தது. மறுபடி மேலே ஏறி, எல்லோருக்கும் கேட்க ஊதி, தீர்ப்பை மாற்றினார். ஒரு செருப்பு பறந்து வந்து அவர் தோளில் விழுந்தது. அதை எடுத்து ஸ்டாண்டின் கீழ் ஒழுங்காக வைத்தார், செருப்புக்காரன் வந்து எடுத்துக்கொள்வான் என்று. வீட்டுக்கு வரும் வழியில் நான் அழுதேன். "எதுக்கு அழுவுற? நான் தப்பா ஊதிட்டேன். திருப்பி ஊதுனேன். அவ்ளோதான்" என்றார்.

நான் பிளஸ் டூ முடித்த வருடம் அவர் விழுந்தார். தொட்டிக்கு உள்ளே, ஆள் உயரத்தைப் போல இரண்டு மடங்கு உயரத்தில், சாரப் பலகைமேல் நின்று வெல்டிங் செய்துகொண்டிருந்தார். பலகையின் ஒரு முனை கட்டப்படவில்லை. இரண்டு நாள் முன்பே சூப்பர்வைசரிடம் சொல்லியிருக்கிறார். "பலகை ஆடிகினு கீது சார், கட்டித் தரச் சொல்லுங்க." அவர், "ரெண்டு நாள் வேலை கன்னியப்பா, பாத்து நின்னு முடிச்சுடு" என்றிருக்கிறார். நைனா பார்த்துத்தான் நின்றார். பலகை நிற்கவில்லை. இடுப்பெலும்பு முறிந்தது.

அவர் ஆஸ்பத்திரியில் இருந்தபோதே கம்பெனி விசாரணையை முடித்துவிட்டது. அறிக்கையின் நகல் எங்கள் கைக்கு வந்தபோது நான்தான் படித்துக் காட்டினேன். அதில் ஒரு வாக்கியம். இத்தனை வருடம் ஆகியும் ஒரு எழுத்து மறக்கவில்லை. 'மேற்படி தொழிலாளி வேலை நேரத்தில் டிரான்சிஸ்டரில் கிரிக்கெட் வர்ணனை கேட்டுக்கொண்டிருந்த கவனக்குறைவே விபத்துக்குக் காரணம்.'

கட்டிலில் படுத்திருந்த நைனா, "தேதி இன்னா போட்டுகீது, படி" என்றார். படித்தேன்.

"அன்னிக்கு ரெஸ்ட் டே பாப்பா" என்றார்.

உங்களில் பலருக்கு இது தெரியாது. அந்தக் காலத்தில் ஐந்து நாள் டெஸ்ட் ஆட்டத்தின் நடுவில் ஒரு நாள் ஆட்டமே இருக்காது. ஓய்வு நாள். அவர் விழுந்தது அந்த நாளில். எந்த ரேடியோவிலும் வர்ணனை இல்லை. அறிக்கை எழுதியவருக்கு என் அப்பா விளையாட்டுப் பைத்தியம் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். அது போதும் என்று எடுத்துக்கொண்டார். அன்று ஆட்டம் நடந்ததா என்று செய்தித்தாளைப் புரட்டிப் பார்க்கக்கூட அவருக்குத் தோன்றவில்லை.

இன்னொன்றும் சொல்கிறேன். நான் இந்தத் தொழிலுக்கு வந்த பிறகு, ஒரு நாள் அதே மாதிரி மூடிய இரும்புத் தொட்டிக்குள் சின்ன டிரான்சிஸ்டர் ஒன்றை எடுத்துக்கொண்டு போனேன். உள்ளே போனதும் இரைச்சல் மட்டும்தான். ஒரு நிலையமும் எடுக்கவில்லை. இதைச் சோதிக்க ஐந்து நிமிடம் ஆனது. அந்த ஐந்து நிமிடத்தை என் அப்பாவுக்காகச் செலவழிக்க அந்த ஒர்க்‌ஷாப்பில் ஒருவரும் இல்லை.

கம்பு ஊன்றி நடக்க முடிந்த முதல் வாரமே அவர் கம்பெனி அலுவலகத்துக்குப் போனார். நான் கூடப் போனேன். விசாரணை அதிகாரி எங்களை உட்காரச் சொல்லவில்லை. நைனா பழைய செய்தித்தாளை மேசைமேல் விரித்து, ஓய்வு நாள் என்று போட்டிருந்த இடத்தில் விரலை வைத்தார்.

"ஆட்டமே இல்ல சார் அன்னிக்கு. நான் எதைக் கேட்டுகினு இருந்தேன்?"

அதிகாரி எட்டிப் பார்த்தார். முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. "மேட்ச் இல்லன்னா பாட்டு கேட்டிருப்பே. ரேடியோ உன் பையில இருந்துச்சா, இல்லையா?"

"பையில இருந்திச்சு சார். பை சைக்கிள்ல மாட்டிகினு இருந்திச்சு. சைக்கிளு ஷெட்டுல இருந்திச்சு."

"இருந்துச்சுல்ல" என்று சொல்லிவிட்டு அவர் வேறு காகிதத்தை எடுத்தார்.

கிரிக்கெட் வர்ணனை என்ற இரண்டு சொற்களை மட்டும் அடித்துவிட்டு, மற்றதை அப்படியே வைத்துக்கொண்டார்கள். ஆதாரத்தைக் காட்டினால் உண்மை ஜெயிக்கும் என்று பள்ளிக்கூடத்தில் படித்திருந்தேன். என் அப்பா ஆதாரத்தைக் காட்டினார். வாக்கியம் அவரைவிடப் பலமாக நின்றது. நைனாவின் மீது அந்த அதிகாரிக்கு ஏதும் பகை இருந்ததா என்று பின்னாளில் என்னைக் கேட்டிருக்கிறார்கள். இல்லை. பகை இருந்திருந்தால் எனக்கு இவ்வளவு கோபம் வந்திருக்காது. பலகை என்று எழுதினால் பலகையைக் கட்டாதவர் யார் என்ற கேள்வி வரும். கன்னியப்பன் என்று எழுதினால் கேள்வி வராது. அவ்வளவுதான் கணக்கு.

வேலை போயிற்று. தெருவில் ஒருவரிடம் ஜன்னல் கம்பி பற்ற வைக்கும் வேலைக்கு உட்கார்ந்தார். ஸ்டாண்டில் ஏற முடியாததால் விசில் வேறொருவர் கைக்குப் போனது. இதெல்லாம்கூடத் தாங்கினார். ஆனால் ஒர்க்‌ஷாப்பில் வேலை செய்த யாரோ அந்த அறிக்கையைப் பற்றிப் பேசி, 'ரேடியோ கன்னியப்பன்' என்று பெயர் வைத்துவிட்டார்கள். மைதானத்துப் பக்கம் போனால், "இன்னா ரேடியோ, ஸ்கோர் எவ்ளோ?" என்பார்கள். விளையாட்டாகத்தான். அவர் மைதானத்துக்குப் போவதை நிறுத்தினார். டிரான்சிஸ்டரைத் துணியில் சுற்றிப் பரண்மேல் போட்டார். டி.வி. வந்த பிறகும், பக்கத்து வீட்டில் மேட்ச் சத்தம் கேட்டால் எழுந்து தெருமுனைக்குப் போய்விடுவார். யாரோ ஒருவரின் அரைமணி நேரச் சோம்பல், ஒரு மனிதரின் ஒரே சந்தோஷத்தை எடுத்துக்கொண்டது.

அந்தக் கோபத்தில்தான் நான் டிப்ளமா படித்தேன், சேஃப்டி துறைக்கு வந்தேன். இனிமேல் ஒரு கன்னியப்பனும் இப்படி எழுதப்பட மாட்டான் என்று நினைத்தேன். இப்போது என் தவறைச் சொல்கிறேன். இதைச் சொல்லாமல் மற்றதைச் சொல்ல எனக்கு யோக்கியதை கிடையாது.

கைபேசிகள் எல்லோர் கைக்கும் வந்துவிட்ட காலம். கடற்கரையோரம், இரும்புச் சட்டங்கள் செய்யும் ஒரு ஃபேப்ரிகேஷன் யார்டில் நான் சேஃப்டி ஆபீசர். ஏழுமலை என்று ஒரு கிரைண்டர் ஆள். இரும்பு விளிம்பைத் தேய்க்கும் கைக்கிரைண்டரில் வேலை. தேய்த்துக்கொண்டிருந்தபோது சுழலும் வட்டு உடைந்து தெறித்து, அவர் வலது கையில் இரண்டு விரல்கள் போயின. வட்டின் மேல் ஒரு இரும்புக் கவசம் இருக்க வேண்டும், கார்டு என்போம். அவர் மெஷினில் அது இல்லை. அவர் மெஷினில் மட்டுமா, பாதி மெஷின்களில் இல்லை. தேய்ந்துபோனவற்றைக் கழற்றிவிட்டு, புதியது வருகிறது வருகிறது என்று மூன்று வாரமாக ஸ்டோரில் சொல்லிக்கொண்டிருந்தார்கள். எனக்கு அது தெரியும். ஸ்டோருக்கு இரண்டு முறை எழுதியிருந்தேன். எழுதியதோடு என் கடமை முடிந்தது என்று இருந்துவிட்டேன்.

மறுநாள் காலையில் எங்களுக்கு ஆர்டர் கொடுத்த கம்பெனியிலிருந்து தணிக்கைக்கு வருவதாக இருந்தார்கள். மேனேஜர் என் மேசைக்கே வந்து நின்றார்.

"அறிக்கை சாயங்காலத்துக்குள்ள முடிஞ்சிருக்கணும் மேடம். அவன் போன் பாத்துட்டு இருந்திருக்கான். ஃபோர்மேன் சொல்றார்."

ஃபோர்மேனைக் கூப்பிட்டுக் கேட்டேன். "எப்பவும் போனும் கையுமாத்தான் மேடம் இருப்பான்" என்றார். அன்று பார்த்தீர்களா என்று நான் கேட்கவில்லை. கேட்டால் என்ன பதில் வரும் என்று எனக்குள் எங்கேயோ தெரிந்திருக்க வேண்டும். பதினைந்து நிமிடத்தில் எழுதினேன். 'கைபேசியில் கவனம் செலுத்தியதால் ஏற்பட்ட கவனக்குறைவு.' கார்டு இல்லாததைக் கடைசிப் பக்கத்தில், பரிந்துரைகளில் ஒன்றாகச் சேர்த்தேன். மறுநாள் காலை வேலை தொடங்கும் முன் எல்லோரையும் நிறுத்திப் பேசும் டூல்பாக்ஸ் மீட்டிங்கில் நானே அதைப் படித்தேன். "ஏழுமலைக்கு நடந்தது உங்களுக்கும் நடக்கலாம், போனை லாக்கரில் வையுங்கள்" என்று அறிவுரையும் சொன்னேன். தணிக்கைக்கு வந்தவர்கள் பாராட்டிவிட்டுப் போனார்கள்.

நான்காம் நாள் கேட்டில் ஒரு பெண் என்னைப் பார்க்க நிற்பதாகச் சொன்னார்கள். எம்.கே.பி. நகரிலிருந்து வந்திருந்தார். ஏழுமலையின் மனைவி செல்வி. அழவில்லை. கையில் ஒரு கைபேசியை நீட்டிக்கொண்டு நின்றார்.

"அவுரு போனு பாத்துகினு இருந்தாருன்னு நீங்கதான் எழுதினீங்களா மேடம்?"

"ஆமாம்மா."

"இதான் அந்த போனு. எங்க வூட்ல இருக்கறதே ஒண்ணுதான். அன்னிக்குக் கொழந்தைக்கு ஜுரம்னு என்னாண்ட குடுத்துட்டுப் போனாரு."

நான் ஏதோ சொல்ல வாய் திறந்தேன். அவர் இன்னும் முடிக்கவில்லை.

"அவுரு கையில அடிபட்டுடிச்சின்னு உங்க ஆபீஸ்லருந்து போன் பண்ணீங்கல்ல. எந்த நம்பருக்குப் பண்ணீங்க? இதுக்குத்தான் பண்ணீங்க. எடுத்தது நானு. அவுரு கையில இருந்திருந்தா நான் எப்படி எடுத்திருப்பேன்? நீங்கதானே மேடம் பேசுனீங்க?"

நான்தான் பேசியிருந்தேன். ஏழுமலையின் பதிவேட்டில் இருந்த எண்ணை நானே அழுத்தி, நானே அவர் மனைவியிடம் பேசி, அன்று மாலையே, போன் ஏழுமலையின் கையில் இருந்தது என்று நானே எழுதியிருந்தேன்.

அன்று வீட்டுக்குப் போய் நைனாவிடம் சொன்னேன். ஏன் சொன்னேன் என்று தெரியவில்லை. அவருக்கு அப்போது எழுபதுக்கு மேல். சாப்பிட்டுக்கொண்டிருந்தார். எல்லாம் சொல்லி முடித்ததும் தட்டிலேயே கையைக் கழுவிவிட்டார்.

"நீயும் எழுதிட்டியா" என்றார்.

அவ்வளவுதான் சொன்னார். நான் ஏதாவது விளக்கம் சொல்ல வேண்டும் என்று, நேரம் இல்லை நைனா, தணிக்கைக்கு ஆள் வந்தார்கள் என்று ஆரம்பித்தேன். அவர் கம்பை ஊன்றி எழுந்து, எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ஜன்னலருகே போய் நின்றார். என் அப்பா என்னிடம் முகம் கொடுக்காமல் நின்றது என் வாழ்க்கையில் அந்த ஒரு முறைதான்.

காலையில் மேனேஜரிடம் போய் அறிக்கையைத் திரும்பப் பெறுகிறேன் என்றேன். சிரித்தார்.

"போன அறிக்கையை யாராவது திரும்ப வாங்குவாங்களா மேடம்? தப்புன்னு நீங்களே சொன்னா உங்க பேர்தான் கெடும்."

"என் பேர் கெடட்டும் சார். அவர் பேர் இப்ப கெட்டுப்போய்க் கிடக்குது."

"வேணும்னா ஒரு திருத்தம் எழுதி ஃபைல்ல வைங்க. வெளிய சொல்ல வேணாம்."

இதை நீங்கள் நன்றாகக் கவனிக்க வேண்டும். உங்களிடமும் இப்படித்தான் சொல்வார்கள். பழியை ஊருக்கே கேட்கும்படி படிக்கச் சொல்வார்கள். திருத்தத்தை ஃபைலுக்குள் வைக்கச் சொல்வார்கள். நான் அறையை விட்டு வெளியே வந்து நேராக மீட்டிங் நடக்கும் இடத்துக்குப் போனேன். இருநூறு பேர் ஹெல்மெட்டோடு நின்றுகொண்டிருந்தார்கள்.

"ஏழுமலை போன் பார்த்துக்கொண்டிருந்தார் என்று நான் இங்கே படித்தேன். அது பொய். அவர் போன் அன்று அவர் வீட்டில் இருந்தது. விசாரிக்காமல் எழுதினேன். அவர் மெஷினில் கார்டு இல்லை. அது இல்லை என்று எனக்கு முன்பே தெரியும். விபத்துக்குக் காரணம் அதுதான்."

யாரும் கை தட்டவில்லை. பின்வரிசையிலிருந்து ஒரு கிரைண்டர் ஆள் கேட்டார்.

"அப்போ எங்க மெஷினுக்கு கார்டு எப்ப மேடம் வரும்?"

"வரும் வரைக்கும் அந்த மெஷின்களை யாரும் தொட வேண்டாம்" என்றேன். அப்படிச் சொல்லும் அதிகாரம் எனக்கு முதல் நாளிலிருந்தே இருந்தது. மூன்று வாரமாக அதைப் பயன்படுத்தாமல் கடிதம் எழுதிக்கொண்டிருந்தேன். கிரைண்டர்கள் தரையில் இறங்கின. அந்தப் பகுதியில் வேலை நின்றது. மேனேஜர் என்னை எல்லோர் முன்னாலும் திட்டினார். பிறகு இரும்புச் சாமான் கடைகள் இருக்கும் மண்ணடிக்கு ஒரு வண்டியை அனுப்பினார். மூன்று வாரமாகக் கிடைக்காத கார்டுகள் மதியச் சாப்பாட்டுக்கு முன்னால் வந்து இறங்கின. பெட்டியைப் பிரிக்கும்போது எனக்குச் சந்தோஷம் வரவில்லை. சும்மா ஒரு வண்டி போய்வரும் தூரத்தில்தான் ஏழுமலையின் இரண்டு விரல்கள் இருந்திருக்கின்றன.

அதற்குப் பிறகு என்னை ஆவணப் பிரிவுக்கு மாற்றினார்கள். எனக்கு வரவேண்டிய பதவி உயர்வு இன்னொருவருக்குப் போனது. எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டதால் ஏழுமலையை வேலையை விட்டு எடுக்க முடியவில்லை. டூல் ஸ்டோரில் உட்கார வைத்தார்கள். அவர் என்னிடம் நன்றி சொல்லவில்லை. சொல்லியிருந்தால் எனக்குக் கூச்சமாக இருந்திருக்கும். செல்வி மட்டும் ஒரு முறை கேட்டில் பார்த்தபோது தலையை ஆட்டினார்.

மீட்டிங்கில் மாற்றிச் சொன்னதை நைனாவிடம் அன்று மாலையே சொன்னேன். அப்போதும் ஜன்னலருகில்தான் இருந்தார்.

"எல்லார் முன்னாடியும் சொன்னியா?"

"சொன்னேன் நைனா."

"அந்த ஆள் பேரைச் சொல்லிச் சொன்னியா?"

"சொன்னேன்."

"எனக்கு யாரும் சொல்லல" என்றார்.

இரண்டு வருடம் கழித்து அவர் போய்விட்டார். நான் ஓய்வு பெற்றதும் செய்த முதல் வேலை, அவருடைய அறிக்கையைத் தேடிப் போனது. ஒர்க்‌ஷாப் மூடி வெகு காலமாகிறது. அந்த இடத்தில் கன்டெய்னர்கள் அடுக்கியிருக்கின்றன. விசாரணை அதிகாரி உயிரோடு இல்லை. தொழிற்சாலை விபத்துகளைப் பதியும் அரசு அலுவலகத்துக்குப் பல நாள் நடந்து, பழைய கட்டு ஒன்றில் நகலைக் கண்டுபிடித்தேன். திருத்தம் கோரி மனு கொடுத்தேன். கவுன்டரில் இருந்தவர் நல்ல மனிதர்தான். "எழுதினவரும் இல்ல, கம்பெனியும் இல்ல, யாரும்மா இதைத் திருத்துவாங்க?" என்றார். எழுதியவர் இல்லை, எழுத வைத்தவர் இல்லை, யாரைப் பற்றி எழுதினார்களோ அவரும் இல்லை. அந்த வாக்கியம் மட்டும் இருக்கிறது, இன்னும் என் அப்பாவைக் குற்றம் சொல்லிக்கொண்டு.

நீங்கள் அந்தப் பட்டியலில் விரலை வைக்கும்போது யோசியுங்கள், மனசாட்சியோடு இருங்கள் என்றெல்லாம் நான் சொல்லப் போவதில்லை. மனசாட்சி உள்ள நானே பதினைந்து நிமிடத்தில் எழுதினேன். நான் சொல்வது இதுதான்: போய்ப் பாருங்கள். மெஷினைப் பாருங்கள், பலகையைப் பாருங்கள், அந்த ஆளின் வீட்டுக்குப் போன் செய்து கேளுங்கள். தப்பாக எழுதிவிட்டால், எத்தனை பேர் முன்னால் படித்தீர்களோ அத்தனை பேர் முன்னால் நின்று மாற்றிச் சொல்லுங்கள்.

அரசாங்கம் திருத்தாததால், இந்தத் தொழிலில் இருப்பவர்கள் படிக்கும்படி இங்கே நானே எழுதி வைக்கிறேன். தொழிலாளியின் பெயர் கன்னியப்பன். ஊர் அரக்கோணம். வேலை வெல்டர், ஞாயிற்றுக்கிழமைகளில் வாலிபால் நடுவர். விபத்து நேரத்தில் அவர் எதையும் கேட்டுக்கொண்டிருக்கவில்லை. அவர் சொன்னதைத்தான் யாரும் கேட்கவில்லை. பலகையின் ஒரு முனை கட்டப்படவில்லை.